தனி அடுப்பு வைத்த வருடம்

என் அன்பான அத்தைக்கு, திட்டிக்கொண்டே சோறு போட்ட என் மாமியாருக்கு,

பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு நாலு வரி எழுதலாம் என்றார் உங்கள் மகன். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீங்கள்? தானா ராத்தா டவுனில் யாரையாவது பிடித்துப் பேசத் தொடங்கினால், ஏற வேண்டிய பஸ் கிளம்பிப் போன பிறகும் நிறுத்தமாட்டீர்களே. அதனால் நான் பாட்டுக்கு எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். எனக்கு நீங்கள் கேட்டால் போதும்.

ஒரு சேதி இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து பதில் வந்துவிட்டது. என்ன பதில் என்று இப்போதே சொன்னால், மிச்சத்தைக் கேட்காமல் லயத்தில் வீடு வீடாகச் சொல்ல ஓடிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எழுபதுகளின் நடுவில் உங்கள் மகனைக் கட்டிக்கொண்டு அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலையேறி வந்தேன். அவர் தேயிலை எஸ்டேட்டில் லோரி ஓட்டுகிறவர், நீங்கள் கொழுந்து பறிக்கிறவர், நானோ பள்ளியில் ஐந்தாம் படிவத் தேர்வில் ஒரு முறை தவறி, மறுமுறை எழுதித் தேறியவள். மலாய்த் தாளில் கவிழ்ந்தால் மற்ற தாள்களில் எவ்வளவு வாங்கினாலும் சான்றிதழ் கிடையாது என்றிருந்த காலம். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் மலாயில் கவிழ்ந்தேன். பெண் பார்க்க வந்த அன்று என் சித்தி அந்தப் பேச்சை எடுத்துவிட்டதும் எங்கள் அப்பாவுக்கு முகம் செத்துப்போய்விட்டது. நீங்கள்தான் சிரித்தீர்கள்.

"பெயிலானா என்னா லா? மறுபடி எழுதிச்சில்ல? எம் மவன் லைசென்ஸுக்கு எத்தன தடவ போனான்னு அவனயே கேளுங்க."

அந்தக் கூடத்தில் மானம் போய் நின்றது கடைசியில் உங்கள் மகன்தான். எனக்கு அப்போதே உங்களைப் பிடித்துப்போயிற்று.

பக்கத்து ஊரான லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. ஆறாம் படிவத்தைத் தனியாக எழுதித் தேறினேன். பிறகு அஞ்சல்வழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். அதற்குள் கலா பிறந்துவிட்டாள். பகலில் அவளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிடலாம். சாயங்காலம் என்ன செய்வது? நான் கேட்கவே இல்லை. கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு ஈரச் சேலையோடு வருவீர்கள், கை கால் கழுவுவீர்கள், அடுப்பைப் பற்ற வைப்பீர்கள், சோறு கொதிக்கும்போதே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவீர்கள்.

"எம் மருமவ படிக்குது! யாரும் இந்தப் பக்கம் வந்து சத்தம் போடாதீங்க!"

லயத்தில் அந்த நேரத்தில் கேட்கிற ஒரே சத்தம் அதுதான். முதல் ஆண்டு எல்லாத் தாளிலும் நல்ல மதிப்பெண் வாங்கினேன். என் மூளை, என் உழைப்பு என்று பெருமையாகத் திரிந்தேன்.

அப்புறம் அந்த வானொலி நாடகம் வந்தது. காணாமல் போன அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வருகிற கட்டத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்தீர்கள். அண்ணன் கதவைத் தட்டுகிறான், தங்கை "யாரது?" என்கிறாள். அந்த நேரம் பார்த்து நான் ரேடியோவை அணைத்தேன். மறுவாரம் எனக்குப் பரீட்சை. நீங்கள் ரேடியோவைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"இது ஒன் ஆபீஸு இல்ல, எம் வூடு. இனிமே ஒன் சோறு ஒனக்கு, எஞ் சோறு எனக்கு."

"சரி, அப்படியே இருக்கட்டும்" என்று நானும் சொன்னேன். அடங்கிப்போகிற வழக்கம் எனக்கு ஏது?

வெளியூரில் இருக்கிறவர்களுக்கு இது விளங்காது. லயத்தில் மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொண்டால் தனிக்குடித்தனம் போக முடியாது. எஸ்டேட் கொடுத்தது ஒரே வீடு. ஆகவே வீடு அப்படியே இருக்கும், அடுப்பு மட்டும் இரண்டாகும். மறுநாளே டவுனில் மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கிப் பின்கட்டில் வைத்தேன். உங்கள் விறகடுப்பு ஒரு மூலையில், என் அடுப்பு இன்னொரு மூலையில். நடுவில் உங்கள் மகன். அம்மா வைத்ததைச் சாப்பிடாவிட்டால் அம்மாவுக்குக் கோபம், நான் வைத்ததைச் சாப்பிடாவிட்டால் எனக்குக் கோபம். பாவம், இரண்டு இடத்திலும் சாப்பிட்டார். அந்த வருடம் அவருக்கு விழுந்த தொப்பை இன்னும் குறையவில்லை.

நேருக்கு நேர் பேச்சு நின்றுபோனது. எதைச் சொல்வதானாலும் கலாவிடம் சொல்வீர்கள். "கலா, கொடியில துணி நனையுதுன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு." கலாவுக்கு அப்போது பேச்சே வரவில்லை. நானும் விட்டுக்கொடுக்காமல், "எடுத்துட்டேன்னு பாட்டிகிட்ட சொல்லு" என்பேன். பிள்ளை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. வேலை விட்டு வந்து சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, தூங்க வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அந்த ஆண்டு இரண்டு தாளில் தவறினேன். மற்றவற்றில் ஒட்டிக்கொண்டு தேறினேன்.

முடிவு வந்த அன்று நான் அழுதது உங்கள் காதில் விழுந்திருக்கும். சுவர் அப்படிப்பட்ட சுவர். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் பின்கட்டில் என் அடுப்பைக் காணோம். விறகடுப்பில் எல்லாருக்கும் சேர்த்துக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"எங்க அத்தை என் அடுப்பு?"

"கோயிலுக்குக் குடுத்துட்டேன். சீமெண்ணெ வாட புள்ளைக்கு ஆவல."

அவ்வளவுதான் நம் சமாதானப் பேச்சு. அடுத்த ஆண்டு தவறிய தாள்களையும் சேர்த்து எழுதினேன். கடைசி ஆண்டில் என்னோடு எழுதியவர்களில் முதல் வரிசையில் வந்தேன். ஏன் விழுந்தேன், எப்படி எழுந்தேன் என்று நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை அத்தை. படித்தால் ஏறும், படிக்காவிட்டால் இறங்கும் என்று நினைத்தேன். படிக்கிற நேரம் எங்கிருந்து வருகிறது என்று யார் யோசித்தார்கள்?

சில ஆண்டுகள் போயின. சங்கத்துக்குக் கணக்குத் தணிக்கை செய்ய வந்தவர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். முட்டைக்கோசை இடைத்தரகரிடம் கொடுக்காமல் நேராகச் சிங்கப்பூருக்கு அனுப்ப நான் செய்திருந்த ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, இங்கிலாந்தில் பேர்போன வணிக மேலாண்மைக் கல்லூரி ஒன்று இருக்கிறது, உன்னைப்போல வேலை பார்த்தவர்களுக்கு உதவித்தொகையோடு இடம் தருகிறார்கள், எழுதிப் போடு என்றார். அங்கே போகிறவர்கள் எல்லாம் ஆரம்பம் முதல் கடைசிவரை முதல் வகுப்பில் வந்தவர்கள். என் மதிப்பெண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நம் மலைப்பாதை மாதிரி இருக்கும். இருந்தாலும் எழுதினேன். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலுக்கு நேர்முகத் தேர்வுக்கு வரச் சொன்னார்கள்.

"எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்றீர்கள்.

"நான் மட்டும்தான் போறேன் அத்தை. இது தொரை ஆபீஸ் இல்ல."

"கேள்வி கேக்கப் போறது யாரு?"

"ஒரு வெள்ளக்காரப் புரொபசர்."

"அப்ப தொரைதான். தனியா போவக்கூடாது."

எஸ்டேட்டில் ஆபீசுக்குத் தனியாகப் போகிற வழக்கமே இல்லையே. கூரை ஒழுகினாலும், லீவு வேண்டுமானாலும், பிள்ளைக்கு வேலை கேட்கப் போனாலும் கூட ஒரு ஆள் வேண்டும். குறை உள்ளவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள், கூட வந்தவள் பேசுவாள். நம் லயத்துப் பெண்களுக்கெல்லாம் கூடப் போய்ப் பேசுகிறவர் முனியம்மாவாகிய நீங்கள்தான். சொந்த மருமகளைத் தனியாக அனுப்பினால் நாளைக்கு யார் உங்களை மதிப்பார்கள்? கல்யாணங்களுக்குக் கட்டுகிற அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு, கியா பார்ம் சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெரியையும் நம் தேயிலைத் தூளையும் பையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள்.

தாப்பாவரை ஒவ்வொரு வளைவிலும் ஆரஞ்சுத் தோலை மூக்கில் வைத்துக்கொண்டீர்கள். இடையில், "அந்த வருசம் மட்டும் ஏன் கொறஞ்சுதுன்னு கேட்டா என்னா சொல்லுவ?" என்று கேட்டீர்கள்.

"டைபாய்டு காய்ச்சல்னு சொல்லப்போறேன்."

"ஒனக்கு எப்ப டைபாய்டு வந்துச்சு?"

"வரல அத்தை. சும்மா சொல்றது. அவங்களுக்கு ஒரு காரணம் வேணும்."

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். மயக்கம் வருகிறது போல என்று நான் நினைத்தேன்.

ஹோட்டலில் அந்த மாடி முழுக்கக் கம்பளம் விரித்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தீர்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. இங்கேயே உட்காருங்கள், யாரிடமும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். யாரிடமும் பேசாதீர்கள் என்று உங்களிடம் சொன்னேனே, என் புத்தியை என்ன சொல்ல!

திரும்பி வந்தால், கதவுக்கு வெளியே சோபாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாவின் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஸ்ட்ராபெரி அவர் மடியில் இருக்கிறது. தேயிலைப் பொட்டலம் கைமாறிவிட்டது. துரையின் அறைக்கு வெளியே ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி உட்கார்ந்திருப்பார், அவரைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது என்பது எஸ்டேட் கணக்கு. மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜூ கூரோங் போட்டு வெளியே உட்கார்ந்திருந்தவரைக் கிராணி என்றே முடிவு கட்டிவிட்டீர்கள்.

"இனி மெனந்து சாயா," என்று என்னைக் காட்டினீர்கள். "டியா பண்டாய்." இது என் மருமகள், கெட்டிக்காரி என்று நீங்கள் சந்தையில் கற்ற பாசார் மலாயில் அறிமுகம். பரீட்சையில் என்னைக் கவிழ்த்த மொழி உங்கள் வாயில் என்னமாய் ஓடிற்று!

அந்த அம்மா எழுந்து என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். கதவைத் திறந்து உள்ளே போனார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போனபோது புரொபசருக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அதே கல்லூரியில் படித்து, இங்கே பெரிய வேலையில் இருப்பவராம். தேர்வு செய்கிற இருவரில் ஒருவர். எனக்குக் காலடியில் இருந்த கம்பளமே நழுவியது.

முட்டைக்கோசைப் பற்றியும் லோரிகளைப் பற்றியும் கேட்டார்கள். அதெல்லாம் சரளமாகச் சொன்னேன். பிறகு புரொபசரின் விரல் என் மதிப்பெண் தாளில் இறங்கி, அந்த ஆண்டில் நின்றது. முன்னாலும் நன்றாக இருக்கிறது, பின்னாலும் நன்றாக இருக்கிறது, நடுவில் என்ன ஆயிற்று என்றார். டைபாய்டு என் நாக்கு நுனியில் நின்றது.

"வெளியே ஒரு காரணம் என் காதில் விழுந்தது," என்றார் அந்த அம்மா. "உங்கள் மாமியார் சொன்னது சரியா?"

"என்ன சொன்னார்?"

நீங்கள் கொழுந்து, மழை, பருவம் என்று எதையாவது உவமை காட்டி என் மதிப்பெண்ணோடு முடிச்சுப் போட்டிருப்பீர்களோ என்று பயந்தேன். நம் கோயில் மேடையில் பேசுகிற தலைவர்கள் எல்லாம் அப்படித்தானே பேசுகிறார்கள். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. அவர் மலாயில் திருப்பிச் சொன்னது என் காதில் உங்கள் குரலிலேயே கேட்டது.

"அந்த வருசம் நாங்க பேசிக்கல. ஒரே வூட்டுல ரெண்டு அடுப்பு. நான் புள்ளையத் தூக்கல, சோறு ஆக்கிப் போடல. அந்த வருசம் பெயிலானது நான். அத அவ பேருல எழுதிப்புட்டாங்க."

அத்தை, எனக்கு அங்கேதான் விளங்கிற்று. நீங்கள் எனக்கும் சேர்த்து அடுப்பு மூட்டிய ஆண்டுகளில் ஏறியிருந்தேன், மூட்டாத ஆண்டில் இறங்கியிருந்தேன். அத்தனை காலம் நான் மட்டும் படித்ததாக நினைத்திருந்த பட்டப்படிப்பு அது. அந்தப் பெரிய மனிதர்கள் முன்னால் என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. டைபாய்டு எங்கே போயிற்றோ தெரியவில்லை. ரேடியோவை அணைத்ததிலிருந்து அடுப்பு கோயிலுக்குப் போனதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு என்பது புரொபசருக்குப் புரிய வெகுநேரம் ஆனது. புரிந்ததும், "உங்கள் கணவர் எந்த அடுப்பில் சாப்பிட்டார்?" என்று கேட்டார். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைசியாக, "நீங்கள் அங்கே வந்துவிட்டால் உங்கள் மகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்றார்.

"வெளியே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்," என்றேன்.

திரும்பி வரும்போது தாப்பாவரை நான் வாய் திறக்கவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டீர்கள். கோபம் இல்லை அத்தை, பேச்சு வரவில்லை. மலைப் பஸ் கிளம்பியதும் ஆரஞ்சுத் தோலை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தீர்கள்.

"என்னா, மறுபடியும் தனி அடுப்பா?"

அன்று நாம் சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் நம்மைப் பார்த்தார். ஆனால் நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. வீட்டு மனுசிக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

அதன்பிறகு மழைக்காலம் வந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று கொழுந்து மலையிலிருந்து பாதியில் இறங்கி வந்தீர்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே, "லண்டன்காரன் என்னா சொன்னான்?" என்று கேட்டீர்கள். இன்னும் பதில் வரவில்லை என்றேன். "வரும். அந்தக் கிராணியம்மா நல்லவ. சொல்லியிருப்பா," என்றீர்கள். அவர் கிராணி இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் நீங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை. அப்படியே போய்விட்டீர்கள்.

கருமாதி முடிந்த பிறகுதான் பதில் வந்தது. சரி, இப்போது சொல்கிறேன். இடம் கிடைத்துவிட்டது, அத்தை. உதவித்தொகையும் சேர்த்து.

லயத்தில் எல்லாரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நீங்கள் இல்லாமல் எப்படிப் போவது? கலாவைப் பார்த்துக்கொள்வார் என்று அந்த அறையில் கை காட்டிச் சொன்னேனே, அந்த ஆள் எங்கே? நான் வரப்போவதில்லை என்று பதில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் மகன் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நான் சோறு ஆக்குறேன். நீ போ."

"ஒங்களுக்கு என்னா ஆக்கத் தெரியும்?"

"ரெண்டு அடுப்புலயும் தின்னவன். ரெண்டு கைப்பக்குவமும் எனக்குத் தெரியும்."

வாய் உங்களிடமிருந்து வந்ததுதான். இப்போது தினமும் அவர்தான் சமைக்கிறார். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. கலா முகத்தைச் சுளிக்காமல் சாப்பிடுகிறாள், தமிழ்ப்பள்ளிக்குத் தானே தலை பின்னிக்கொண்டு போகிறாள். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா சாயங்காலம் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறார். அஞ்சலை அக்காவின் கூரைக்காக நீங்கள் துரையிடம் பேசினீர்களாம். எனக்கு அது தெரியாது. அவர் சொல்லித்தான் தெரியும்.

ஆகவே போகிறேன். பெட்டியும் கட்டியாயிற்று. ஆனால் ஒரு பயம் இருக்கிறது, அதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். குளிருக்கோ இங்கிலீசுக்கோ அந்த முதல் வகுப்புக்காரர்களுக்கோ நான் பயப்படவில்லை. வாழ்க்கையில் நீங்கள் என்னோடு பேசாமல் இருந்தது ஒரே ஒரு வருடம். அந்த வருடம்தான் தோற்றேன். இனி வருகிற வருடமெல்லாம் நீங்கள் பேசாத வருடம்தானே, அத்தை?

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த முறை நான் பேச்சை நிறுத்தமாட்டேன். அந்த ஊரில் சோறு வடிக்கும்போதும், புத்தகத்தை மூடும்போதும், விளங்காத பாடத்தின் முன்னால் விழித்துக்கொண்டு உட்காரும்போதும் உங்களோடு மல்லுக்கட்டுவேன். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும், உங்கள் பங்கையும் சேர்த்து நானே பேசிக்கொள்கிறேன். தேறினால் அது நம் இரண்டு பேருக்கும். தவறினால் என் பேரில் மட்டும் இருக்கட்டும். அங்கேயும் வந்து, பெயிலானது நான்தான் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

உங்களோடு சண்டை போட இன்னும் ஆசை தீராத மருமகள்,
தனலட்சுமி